ஏசுராஜண்ணனுக்கு மட்டும் சர்க்கரை கிடையாது

ஒண்டிக்கடை என்கிற எங்கள் மலையூர்க் கடைத்தெருவில் நான் டீக்கடை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சர்க்கரை தூக்கலாகக் கேட்பவர்கள், குறைத்துக் கேட்பவர்கள், டீயே குடிக்காமல் ஓசியில் பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. வாய்விட்டுக் கேட்டும் சர்க்கரை தர மாட்டேன் என்று நான் மறுத்தது ஒரே ஆளுக்குத்தான். எஸ்டேட் ஜீப் ஓட்டும் ஏசுராஜண்ணனுக்கு. அதைப் பெரிய சாதனை மாதிரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

என் பெயர் ஷஹீதா. கடைக்கு வேண்டிய சாமான் வாங்க என் வீட்டுக்காரர் சிக்கந்தர் வாரத்தில் இரண்டு நாள் சேலம் இறங்குவார். மற்றபடி அடுப்பு, டீ, போண்டா, வாய்ச்சண்டை எல்லாமே என் பொறுப்பு.

ஏசுராஜண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாக டிரைவர். காலையில் கிளியூரிலிருந்து வேலையாட்களை ஏற்றிப்போய் எஸ்டேட்டில் விடுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். போகும்போதும் வரும்போதும் ஜீப் என் கடை வாசலில் நிற்கும். ஒரு டீ, அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை, கூடவே ஒரு தேங்காய் பன். சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கத்தில் ஒரு ஸ்பூன் குறையவில்லை.

போன செப்டம்பரில் வலது காலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்புக் கடி என்று சொல்லிக்கொண்டே பத்து நாள் ஓட்டினார். சேலத்துக்குக் கூட்டிப்போனபோது சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். அடுத்த தடவை விரலோடு நிற்காது, கணுக்கால் வரைக்கும் போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பிரேக் மிதிக்கிற கால் அது. அது போனால் ஜீப் போச்சு. ஜீப் இல்லாத ஏசுராஜண்ணனை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் மனைவி மரியபுஷ்பம் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு உப்பு உறைப்பு பார்த்துப் போடுகிறவள், ஒரு புருஷனைக் கட்டுப்படுத்த முடியவில்லையே என்று குமுறிப் போனாள். ஒருநாள் ஒண்டிக்கடையில் இருக்கிற அத்தனை கடையிலும் ஏறி இறங்கினாள். பேக்கரி, ஜூஸ் கடை, பழக்கடை, தேன் விற்கிறவர் யாரையும் விடவில்லை. கடைசியாக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க கையால எங்கூட்டுக்காரருக்கு ஒரு ஸ்பூன் சக்கரை போச்சுன்னா, அவரு காலை நீங்களே வெட்டின மாதிரிங்க. எனக்கு வாக்குக் குடுங்க."

"அல்லா மேல ஆணையா குடுக்க மாட்டேன் புஷ்பம்," என்றேன்.

அன்றிலிருந்து ஊரே சேர்ந்து ஒரு மனுஷனுக்குப் பத்தியம் போட்டது. அதில் எங்களுக்கெல்லாம் ஒரு குஷி இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அவர் கடையில் கால் வைத்ததுமே பேக்கரிக்காரர் கண்ணாடி அலமாரியைச் சாத்துவார். ஜூஸ் கடையில் அவருக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். யார் எப்படி மறுத்தோம் என்று மரியபுஷ்பத்துக்குப் போன் போட்டுச் சொல்வோம். அவரும் சும்மா சொல்லக்கூடாது, பாதிக்கு மேல் ஒழுங்காகத்தான் இருந்தார். காலையில் ஏரியைச் சுற்றி நடந்தார். சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும் சாப்பிட்டார். சட்டை தொளதொளவென்று ஆனது. மாதாமாதம் பரிசோதனையில் சர்க்கரை அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

ஆனாலும் நாக்கு விடுமா? நவம்பரில் ஒருநாள் கடைக்கு வந்து பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஷஹீதாம்மா, சுகர் நொம்ப எறங்கிருச்சுங்க. கண்ணு இருட்டுது," என்றார். பதறிப்போய் மூன்று ஸ்பூன் போட்டு டீயைக் கையில் கொடுத்தேன். சொட்டு விடாமல் குடித்துவிட்டு எழுந்து, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். ஜீப்பை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

ராத்திரிக்குள் விஷயம் மரியபுஷ்பத்துக்குப் போய்விட்டது. போனில் அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதாள். உங்களை நம்பினேனே அக்கா என்று அழுதாள். மறுநாள் ஒண்டிக்கடை முழுக்க என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. இனி அந்த மனுஷன் என் கடை வாசலில் விழுந்து புரண்டாலும் ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

இந்த வருஷம் ஏசுராஜண்ணன் வீட்டார் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் எங்கள் நோம்பு ஆரம்பித்தது. அவர்களுக்கு நாற்பது நாள் தவக்காலம், எங்களுக்கு முப்பது நாள். நோம்பு வைத்துக்கொண்டு டீக்கடை நடத்துவது எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். பழகிவிட்டது. நாள் முழுக்கப் பாலும் சர்க்கரையும் கையில்தான் இருக்கும், வாய்க்குப் போகாது. எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது.

நோம்பு பாதி நெருங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை ஏசுராஜண்ணன் வந்து உட்கார்ந்தார். தவக்காலத்துக்கு இனிப்பும் கறியும் விட்டுவிட்டதாகக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, கண் பன் தட்டுக்குப் போனது.

"ஷஹீதாம்மா, பன்னுல சக்கரை நொம்ப இருக்காதில்லீங்க? தேங்காதானுங்களே?"

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது.

"ஏனுங்கண்ணா, விடியக்காலம் அஞ்சரைலிருந்து சாயங்காலம் பாங்கு சொல்ற வரைக்கும் நான் எச்சில் முழுங்கக்கூட யோசிக்கிறேன். ஒரு பொம்பள நான் தாங்கறேன். உங்களால ஒரு பன்னைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. இதுல உங்களுக்கு எதுக்குத் தவக்காலம்?"

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் வெறும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். புதன்கிழமை ஜீப் நிற்கவில்லை. வியாழக்கிழமையும் நிற்காமல் போனது. கோபமாக இருக்கும், இருக்கட்டும், கோபத்திலாவது வாயைக் கட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாலே கால் இருக்கும். சிக்கந்தர் சேலத்தில் இருந்தார். குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது, கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் வந்து நின்றது. ஒழுங்காக ஓரம் கட்டாமல் பாதி ரோட்டில் நின்றது. பின்னால் மிளகு பறிப்புக்குப் போன பெண்கள் எட்டுப் பேர். முன் சீட்டில் சின்னத்தாயி, கூட்டத்திலேயே மூத்தவள், எப்போதும் அவளுக்குத்தான் அந்த இடம்.

ஏசுராஜண்ணன் இறங்கி வந்தார்.

"டீ. சக்கரை போட்டு."

ஷஹீதாம்மா என்று கூப்பிடவில்லை. கொடுங்க என்று சொல்லவில்லை.

"வாங்கண்ணா. மூணு நாளா ஆளையே காணோம். கோவமுங்களா?"

"டீ. சக்கரை."

"டீ இருக்குது. சக்கரை உங்களுக்குக் கெடையாது. புதுசாக் கேக்கறீங்க?"

அவர் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தார். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர் ஒன்று விழுந்து உடைந்தது. என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாயில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

"டிரைவருக்கு இன்னிக்கு நடிப்பு நொம்ப ஜாஸ்தியா இருக்குதே," என்றார் பெஞ்சில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "பாங்கு சொல்றதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதுங்க எனக்கு. தொண்டை காய்ஞ்சு நிக்கறேன். நான் தாங்கல? உங்களால ஒரு டீக்குத் தாங்க முடியாம டம்ளரை ஒடைக்கிறீங்களா? போங்கண்ணா, போயிட்டு நாளைக்கு மனுஷனா வாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. திரும்பி நடந்தார். ஜீப்பின் வலது பக்கம் போக வேண்டியவர் இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தார். அங்கே சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க டிரைவரு, என்ர மடியில உக்காந்து ஓட்டப் போறீங்களா?" என்றாள் அவள். பின்னால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஜீப்பைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தார். அப்போதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

இந்தக் குளிரில் எதற்கு இப்படி வேர்க்கிறது?

கேள்வி வந்துவிட்டது. வந்தும் நான் நகரவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது. அரை நிமிஷம் இருக்கும், சர்க்கரை டப்பாவுக்கு ஒரு சாண் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கொடுத்து, அதுவும் நடிப்பாக இருந்தால்? மறுபடி கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனால்? மரியபுஷ்பம் மறுபடி போனில் அழுவாள். ஊர் மறுபடி சிரிக்கும். அல்லா மேல் வைத்த ஆணை வேறு. ஒரு மனுஷனுடைய உயிர் ஒரு பக்கம் இருக்க, என் மானத்தை நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் உறுமியது. கியர் விழாமல் கரகரவென்று அரைத்தது. இருபத்தாறு வருஷம் ஓட்டுகிற கை அது.

நவம்பரில் நடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார் இல்லையா, அப்போது நடுநடுவே ஒரு கண்ணைத் திறந்து நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நடிக்கிறவனுக்குப் பார்க்கிற ஆள் வேண்டும். இன்றைக்கு இந்த மனுஷன் கடையை விட்டு இறங்கியதிலிருந்து ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணா!"

ஜீப் நகர்ந்துவிட்டது. அங்கிருந்து கிளியூர் ரோடு இறக்கம். அந்த இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பள்ளம், பின்னால் எட்டுப் பெண்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. முன்னால் போய் நின்றுவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. கண் திறந்துதான் இருந்தது. நேரே என்னைத்தான் பார்த்தது. ஆனால் அங்கே ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜீப் வந்துகொண்டே இருந்தது.

"சின்னத்தாயக்கா, பிரேக்கு! கை பிரேக்கைப் பிடிச்சு இழுங்க!" என்று கத்தினேன்.

சின்னத்தாயி ஜென்மத்தில் ஒரு வண்டியின் எதையும் தொட்டவள் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஜீப் குலுங்கி, உறுமி, அணைந்து நின்றது. பம்பர் என் முழங்காலில் வந்து இடித்தது. பின்னால் பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து அலறினார்கள்.

கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கை பனியில் நனைந்த மாதிரி சில்லென்று இருந்தது, உடம்பு முழுக்க நடுக்கம். ஒரு கை சர்க்கரையை அள்ளி வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு தடவை கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டார். சர்க்கரை சீட் முழுக்கக் கொட்டியது.

"வாயைத் தொறங்கண்ணா. சக்கரைதான். நீங்க கேட்டதுதான். தொறங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகினார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"நோம்பு... இன்னும் பாங்கு சொல்லல... நோம்புங்க..."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு சொல்றாரு?" என்றாள் சின்னத்தாயி. அப்புறம் அவளே அழ ஆரம்பித்தாள். "மூணு நாளா அவரு டிபனை எனக்குத்தான் குடுத்துட்டு இருக்கறாரு. வயிறு சரியில்ல, நீ சாப்புடு ஆத்தான்னு சொன்னாரு. நானும் வாங்கித் தின்னுட்டேனே!"

மூன்று நாள். செவ்வாய்க்கிழமை நான் அத்தனை பேர் முன்னால் பேசினேன். புதன்கிழமையிலிருந்து இந்த மனுஷன் என்னை மாதிரியே விடியலில் ஆரம்பித்துப் பாங்கு வரைக்கும் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்திருக்கிறார். பிறகு தெரிந்தது, மாத்திரையை மட்டும் விடியுமுன்னே தவறாமல் போட்டிருக்கிறார். நடையும் நடந்திருக்கிறார். உடம்பு தாங்காமல் கடைசியில் தன்னையும் அறியாமல் என் கடைக்கு வந்து கேட்டார். நான் என்ன சொல்லி அனுப்பினேன்? பாங்குக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒன்றுதான் அவர் புத்தியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தலை சாயத் தொடங்கியது. பல் இன்னும் திறக்கவில்லை. இனி மயங்கிவிட்டால் வாயில் எதையும் போட முடியாது என்று எனக்குத் தெரியும்.

அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"பாங்கு சொல்லியாச்சுங்கண்ணா," என்றேன்.

கண் லேசாக அசைந்தது.

"சொல்லியாச்சு. இப்பத்தான் சொன்னாங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா? நான் நோம்பு தொறந்துட்டேன். நீங்களும் தொறங்க. தொறங்கண்ணா."

நோம்பு வைத்த வாயால் அல்லாவுடைய பாங்கை வைத்துப் பொய் சொன்னேன். நாக்கு கூசவில்லை. இன்னும் பத்துப் பொய் வேண்டுமென்றாலும் சொல்லியிருப்பேன்.

வாயைத் திறந்தார். சின்னக் குழந்தை திறக்கிற மாதிரி, நம்பித் திறந்தார். சர்க்கரையை உள்ளே வைத்தேன். முழுங்கினார். இன்னும் கொஞ்சம் வைத்தேன். பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குள் தண்ணீரோடு ஓடி வந்திருந்தார்கள். சர்க்கரையைக் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தோம். பிறகு அவர்களே தூக்கி ஒரு காரில் ஏற்றினார்கள். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு நானும் சின்னத்தாயியும் ஏறிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நாற்பத்தாறுதான் இருந்தது. அத்தனை சர்க்கரை கொடுத்த பிறகு நாற்பத்தாறு. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணியில் நூற்றிப் பத்துக்கு வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு மறுபடி பார்த்தார்கள், ஐம்பத்தெட்டு.

"மாத்திரை உள்ளே போயிட்டா அது பாட்டுக்கு வேலை செய்யும்மா. அவர் சாப்பிட்டாரா, பட்டினியான்னு அது பார்க்காது," என்றார் டாக்டரம்மா. "ராத்திரி முழுக்க இங்கேதான் இருக்கணும்."

மரியபுஷ்பம் ஹாஸ்டல் சமையல்கட்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கையெல்லாம் மஞ்சள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னத்தாயி டிபன் விஷயத்தைச் சொன்னதும், "டப்பா தினமும் காலியாத்தானுங்க ஊட்டுக்கு வந்துச்சு. நல்லாச் சாப்புடறாருன்னு சந்தோசப்பட்டனே," என்றாள்.

அவள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கடை முழுக்கக் கேட்கப் பேசியதை, இன்றைக்குச் சர்க்கரை மறுத்ததை, அந்த அரை நிமிஷம் டப்பாவைத் தொடாமல் நின்றதை. திட்டு புஷ்பம், நல்லாத் திட்டு என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை.

"நான் கேட்டதைத்தானுங்களே செஞ்சீங்க," என்றாள். "இந்த ஊர்ல ஒரு கடை பாக்கியில்லாம எல்லாருகிட்டயும் போய்க் கேட்டனுங்க. இவருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கலீங்கக்கா. உங்களால முடியுமான்னு ஒரு நாளும் கேக்கல. முடியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

ஆறரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. மரியபுஷ்பம்தான் எனக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். வாங்கி வாயில் வைக்கப்போனேன்.

"இப்பத்தான் பாங்கா?"

ஏசுராஜண்ணன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் அது அவருடைய குரல்.

"ஆமாங்கண்ணா," என்றேன்.

"அப்ப நீங்க அங்க சொன்னது?"

"பொய்யுங்க."

"நோம்போடயா சொன்னீங்க?"

தலையை ஆட்டினேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடிக்காமல் நின்றால் மறுபடி ஏதோ போட்டி போடுகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. பிறகு குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் மூன்று தடவை இறங்கி, மூன்று தடவை ஏறி, அப்புறம் நிலைத்தது. மாத்திரை அளவைக் குறைத்தார்கள். இரண்டு வாரம் ஜீப்பைத் தொடக்கூடாது என்றார்கள். வேளைக்குச் சாப்பிடுவதுதான் முதல் மருந்து என்று டாக்டரம்மா நான்கு தடவை சொன்னார். மரியபுஷ்பம் தன் கையாலேயே ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை அவர் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டாள்.

அந்த வாரமே அவள் மறுபடி ஒண்டிக்கடை முழுக்க ஏறி இறங்கினாள். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். "இனிமே நீங்க யாரும் அவரைத் தடுக்க வேண்டாமுங்க. கேட்டாக் குடுங்க. குடுக்கறதும் வேண்டாங்கறதும் இனி அவரு பாடு," என்று கடை கடையாகச் சொன்னாள். பேக்கரிக்காரர், "அம்மா, நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நெசமாத்தான் என்று சொன்னாள். சொல்லும்போது என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நோம்பு முடிய மூன்று நாள் இருந்தது. பத்து மணி சுமாருக்கு ஏசுராஜண்ணன் நடந்தே கடைக்கு வந்தார். கையில் டிபன் டப்பா. பெஞ்சில் உட்கார்ந்து, நான் பட்டினியாக நிற்கிறேன் என்று கூச்சப்படாமல், திறந்து வைத்து இரண்டு கேழ்வரகு அடையை மென்று மென்று சாப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பேப்பரைப் பார்க்கிற மாதிரி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷஹீதாம்மா, ஒரு டீ போடுங்க."

பாலை ஊற்றினேன். டிகாக்ஷனை ஊற்றினேன். ஸ்பூனைக் கையில் எடுத்தேன். செப்டம்பரிலிருந்து இந்த ஊரில் ஒருத்தரும் அவரிடம் கேட்காத கேள்வியைக் கேட்கப் போகிறேன். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. போடச் சொன்னால் போட்டாக வேண்டும்.

"சக்கரைங்கண்ணா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"வேண்டாமுங்க," என்றார்.

டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "நாளைக்கும் கேளுங்க ஷஹீதாம்மா. கேக்காம உட்டுறாதீங்க," என்றார்.

பெருநாள் போய், ஈஸ்டரும் போய்விட்டது. ஜீப் மறுபடி ஓடுகிறது. காலையிலும் சாயங்காலமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சில நாள் பதில் சட்டென்று வருகிறது. சில நாள் நேரமாகிறது, சர்க்கரை டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் முழுக்க வாயைத் திறக்காமல், ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.